யாரும் தொடாத வாளி

பால் சொசைட்டியின் பின்சுவரில், துவைக்கும் கல்லுக்கு மேலே இருந்த ஆணியில் அந்த அலுமினிய வாளி தொங்கும். அடிப்பகுதியில் ஒரு பச்சை நைலான் கயிறு கட்டியிருக்கும். ஊருக்கு வெளியே இருந்த எங்கள் தெருவை வளவு என்பார்கள். அந்த வளவுப் பெண்கள் பால் கொண்டுவரும் நேரத்தில் செயலாளர் ஒரு குட்டைத் தொரட்டியால் அதைக் கழற்றி, முன்பக்கத் திட்டின் ஓரத்தில் வைப்பார். பெண்கள் தங்கள் தூக்குப்போசியை உயரப் பிடித்து, போசியின் விளிம்பு வாளியின் விளிம்பில் பட்டுவிடாமல் பாலை ஊற்ற வேண்டும். அவர் ஓர் அளவுக் குச்சியை உள்ளே விட்டுப் பார்ப்பார். எல்லாரும் ஊற்றியதும் கயிற்றைப் பிடித்து இழுப்பார். வாளி சாய்ந்து, பால் வடிதுணி வழியாகக் கீழே நிற்கும் பெரிய கேனுக்குள் இறங்கும். அந்தக் கேனில் தோட்டத்துக்காரர்கள் வீட்டுப் பால் ஏற்கெனவே இருக்கும். இரண்டும் கலந்து ஒன்றாக லாரி ஏறும். பாலுக்குத் தீட்டு கிடையாது, வாளிக்கு மட்டும்தான் உண்டு என்று அந்த ஊர் எப்படியோ முடிவு செய்து வைத்திருந்தது.

வாளியைக் கழுவும் முறையும் தனி. செயலாளர் ஒரு குவளைத் தண்ணீரை எட்ட நின்று அதற்குள் வீசுவார். தொரட்டியால் கவிழ்ப்பார். மறுபடியும் ஆணியில் மாட்டுவார். அவ்வளவுதான். கேன்களுக்குச் சுடுதண்ணீர் உண்டு, சோடா உண்டு, தேங்காய் நார் உண்டு. வாளிக்கு எதுவும் இல்லை, ஏனென்றால் நார் போட்டுத் தேய்க்க வேண்டுமென்றால் அதை யாராவது தொட வேண்டும். சொசைட்டியில் வேலை செய்தவர்கள் தொட மாட்டார்கள். வளவுப் பெண்கள் சொசைட்டிச் சாமானைத் தொடக் கூடாது. ஆக, என் சிறுவயது முழுக்க அந்த வாளியை எவர் கையும் தொட்டதில்லை. மல்லசமுத்திரத்துக்குத் தெற்கே எங்கள் ஊரில் இது எவருக்கும் வினோதமாகத் தெரிந்ததில்லை. எனக்கும் அப்போது தெரிந்ததில்லை.

செயலாளரைக் கெட்டவர் என்று ஊரில் யாரும் சொல்ல மாட்டார்கள். நான் சொல்வேன். வெள்ளைச் சட்டை, நெற்றியில் மூன்று விரல் திருநீறு, காதோரம் ஒரு பால்பாயிண்ட் பேனா. சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. தோட்டத்துக்காரர் வீட்டுச் சின்னப் பிள்ளைகளைக்கூட "வாங்க, போங்க" என்பார். என் அம்மா வயதுப் பெண்களை "ஏ புள்ள" என்பார். தீபாவளிக்கு முந்தின நாள் வளவுக் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுப்பார், குவித்த கைகளுக்கு மேலிருந்து ஒவ்வொன்றாகப் போடுவார். குறி தப்பி மண்ணில் விழுந்தால் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் விஷம் ஒன்றும் இருக்காது. அதனால்தான் எனக்கு இன்றைக்கும் அதிகமாக ஆத்திரம் வருகிறது. விஷம் இருந்திருந்தால் எங்கள் பெண்களாவது அவரைத் திட்டியிருப்பார்கள்.

அம்மா காலையில் கோழிப்பண்ணை வேலைக்குப் போவாள். கூண்டுகளுக்கு அடியில் சேரும் எச்சத்தை அள்ளிப் போடுகிற வேலை. மத்தியானம் வந்து, தலை முழுகி, சேலை மாற்றி, பிறகுதான் மாட்டுக்குப் பக்கத்தில் போவாள். அந்தச் சீமை மாட்டை அவள் வாரத்துக்கு வளர்த்தாள். யாருடைய கன்றையோ நாம் வாங்கி வளர்த்து, அது ஈன்றதும் பாதிப் பாதி என்று பேசிக்கொள்வதுதான் வாரம். புல் அறுத்து, தவிடு கரைத்து, சோளத்தட்டு சுமந்து வளர்த்த மாடு கடைசியில் எங்களுக்கே என்று ஆனபோது, அம்மா அதற்கு மஞ்சள் பூசி வளவைச் சுற்றிக் கூட்டிவந்தாள். கறக்கிற போசியைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, கொதிக்கிற தண்ணீரை ஊற்றிக் குலுக்கி, வேலிக் கம்பில் கவிழ்த்து வெயிலில் காய வைப்பாள். நான் விளையாட்டாகக் கூட அதற்குள் கையை விட முடியாது, அடி விழும். பால் பளிச்சென்று இருக்கும். "என்ற மாட்டுப் பாலு" என்று அவள் சொல்லும்போது குரலில் ஒரு கெத்து வரும். வேறு எதைப் பற்றிப் பேசும்போதும் அந்தக் குரல் அவளுக்கு வந்ததில்லை.

அந்தக் கோடையில் சொசைட்டியின் சாயங்காலக் கேன் அடிக்கடி புளித்துப் போய்க் குளிரூட்டு நிலையத்திலிருந்து திரும்பி வந்தது. செயலாளருக்கு மேலிடத்தில் பேச்சு விழுந்தது. ஒரு நாள் அம்மாவுக்குப் பண்ணையில் வேலை முடியத் தாமதமாகி, அவள் பால் கொண்டுபோனபோது மற்றப் பெண்களின் பால் கேனுக்குள் இறங்கிவிட்டிருந்தது. வாளியில் அம்மாவின் பால் மட்டும். லாரியும் அன்றைக்கு வரத் தாமதம். செயலாளர் என்ன நினைத்தாரோ, லாரி வருவதற்குச் சற்று முன்னால் வாளியிலிருந்து ஒரு கரண்டிப் பாலை நீளக் காம்புக் கரண்டியால் மொண்டு, டீ போடும் ஸ்டவ்வில் காட்டினார். பால் பொங்கவில்லை. கட்டி கட்டியாகத் திரண்டு, நடுவில் பச்சை நீர் நின்றது.

அவர் கரண்டியை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திக் காட்டினார். தோட்டத்துக்காரர்கள் நாலைந்து பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். வளவுப் பெண்கள் புளியமரத்தடியில் நின்றார்கள். நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"இப்பத் தெரியுதுங்களா, கேனு ஏன் திரும்பி வருதுன்னு?" என்றார், பெஞ்சைப் பார்த்து. பிறகு அம்மாவைப் பார்த்து, "ஏ புள்ள, கோழிப் பீ அள்ளுற கையில கறந்தா பாலு எப்படி நிக்கும்?"

"கை கழுவித்தானுங்க சாமி கறந்தேன். சோப்புப் போட்டுங்க சாமி."

"கழுவுனாப் போற அழுக்கா அது?" என்றார். சத்தம் போடவில்லை. ஏதோ வானிலையைச் சொல்வது போலச் சொன்னார். பெஞ்சில் ஒருவர் சிரித்தார்.

கயிறு இழுபட்டது. பால் மண்ணில் கொட்டியது. நாய்கள் வந்தன. "நாளையிலிருந்து உன்ற பாலு வேண்டாம் புள்ள" என்று சொல்லிவிட்டு அவர் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு உள்ளே போனார். அம்மா காலிப் போசியோடு வளவு வரைக்கும் நடந்தாள். நடக்கும்போது கைகளைச் சேலைக்குள் மறைத்து வைத்திருந்தாள்.

அவள் செயலாளர் மேல் கோபப்பட்டிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அவள் அவரை நம்பிவிட்டாள். கண்ணால் பார்த்தாளே, பால் திரிந்ததை. பண்ணையில் தரைக்குப் போடுகிற பிளீச்சிங் பவுடரை ஒரு பொட்டலம் கொண்டுவந்து, தண்ணீரில் கரைத்து, கைகளை முழங்கை வரைக்கும் ஊற வைத்தாள். தோல் வெடித்தது. வெடித்த இடத்தில் எரிகிறது என்று ஒரு நாள்கூடச் சொல்லவில்லை. அதுவரைக்கும் எனக்கும் தம்பிக்கும் ராத்திரிச் சோற்றை உருண்டை பிடித்துக் கையில் கொடுப்பாள். அன்றிலிருந்து கொடுக்கவில்லை. கரண்டியால் தட்டில் போட்டுத் தள்ளி வைத்துவிடுவாள். தம்பி அழுதான். "அம்மா கை ஆகாது சாமி, நீயே தின்னு" என்றாள்.

மாட்டை விற்றோம். ஊரில் பால் ஊற்ற வேறு இடம் இல்லை. அடுத்த வருஷம் ராசிபுரம் பக்கம் ஒரு பெரிய கோழிப்பண்ணையில் குடியிருக்க அறை கொடுத்து ஆள் எடுத்தார்கள். அங்கே போய்விட்டோம். எங்களை வழியனுப்ப வந்த பெண்கள் ஒருத்தியும் சொசைட்டி பற்றிப் பேசவில்லை.

நான் நுண்ணுயிரியல் படிப்பில் சேர்ந்தது திட்டமிட்டு இல்லை. கிடைத்த இடம் அதுதான். முதல் வாரத்தில் ஆய்வகத்தில் ஒரு வேலை கொடுத்தார்கள். ஆளுக்கொரு கண்ணாடித் தட்டு. உள்ளே பாக்டீரியா வளர்வதற்கான கூழ், ஆறிய கடல்பாசி ஜெல்லி மாதிரி இறுகியிருக்கும். அதில் அவரவர் விரல்களை லேசாகப் பதித்து, மூடி, இளஞ்சூட்டில் வைத்துவிட்டுப் போனோம். மறுநாள் திறந்தால் விரல் பட்ட இடமெல்லாம் வெள்ளையும் மஞ்சளுமாகப் புள்ளிகள் முளைத்திருந்தன. என் தட்டில் இருந்தன. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த, தோட்டத்துக்காரர் வீட்டுப் பெண்ணின் தட்டில் என்னுடையதைவிட அதிகமாக இருந்தன. பாடம் நடத்திய பேராசிரியையின் தட்டிலும் இருந்தன. எல்லார் கையிலும் உண்டு, கழுவினாலும் கொஞ்சம் திரும்ப வரும், அவற்றில் பெரும்பாலானவை நமக்குக் காவலாகவே இருக்கின்றன என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். நான் தட்டுகளை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எது யாருடையது என்று மூடியில் எழுதியிருந்த எண்ணை மறைத்துவிட்டால் கண்டுபிடிக்க முடியாது.

பாலைப் பற்றிய பாடம் அதற்குப் பிறகு வந்தது. பாலைப் புளிக்க வைக்கும் பாக்டீரியா பாலில் இருக்கும் சர்க்கரையைத் தின்று அமிலத்தை வெளியே விடுகிறது. அமிலம் ஓரளவைத் தாண்டிவிட்டால் சூடு பட்டதும் பால் திரிந்துவிடும். வீட்டில் தயிர் உறைவதும் இதே இனத்தின் வேலைதான், அங்கே நாம் அதை உறைமோர் என்று கொண்டாடுகிறோம். அதற்கு மிகப் பிடித்த வீடு, பழைய பால் காய்ந்து கிடக்கிற பாத்திரம். அதுவும் மடிப்பும் நெளிவும் உள்ள பாத்திரம் என்றால் போதும், இடுக்கில் உட்கார்ந்து தன்னைச் சுற்றி வழவழப்பாக ஒரு படலம் கட்டிக்கொள்ளும். மேலே தண்ணீரை வீசினால் ஒன்றும் ஆகாது. நார் போட்டுத் தேய்த்துக் கொதிநீர் விட்டால்தான் போகும். தேய்க்காத பாத்திரத்தில் அன்றைக்குக் கறந்த நல்ல பாலை ஊற்றினால், நேற்றைய கூட்டம் இன்றைய பாலில் இறங்கி, வெயில் சூட்டில் கண்மூடித் திறப்பதற்குள் இரட்டிப்பாகிக்கொண்டே போகும்.

வகுப்பில் உட்கார்ந்திருந்த எனக்குப் பச்சைக் கயிறு ஞாபகம் வந்தது. எனக்கு அழுகை வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டேன், தாடை வலித்தது.

அன்றைக்கே பஸ் ஏறிப் போய் அம்மாவிடம் சொன்னேன். உன் கை இல்லை, அந்த வாளிதான், ஒரு நாளும் தேய்க்காத வாளி, அதில் யார் பாலை ஊற்றி வைத்தாலும் திரிந்திருக்கும் என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். "படிச்சவங்க சொன்னாச் செரியாத்தான் சாமி இருக்கும்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா பாலு திரிஞ்சுதே சாமி. நானே பாத்தனே" என்றாள். அவள் என்னையும் சாமி என்பாள், செயலாளரையும் சாமி என்பாள். அன்றைக்கு இரண்டு சாமிகளில் அவர்தான் ஜெயித்தார்.

நான் விடவில்லை. வேறு ஒரு வாளியில் செய்து காட்டுகிறேன் என்றேன். "வேண்டாம், பாலக் கொட்ற பாவம் நமக்கெதுக்கு" என்று மறுத்துவிட்டாள். சில வருஷங்கள் கழித்து ஆஸ்பத்திரியில் பேச்சு குழறிக் கிடந்தபோதும், நான் ஆரஞ்சுச் சுளையை உரித்து அவள் கையில் வைத்தால் வாங்க மாட்டாள். கையைக் கழுவி விடு என்று ஜாடை காட்டுவாள். கழுவி விடுவேன். மறுபடியும் காட்டுவாள். அந்தக் கைகளோடுதான் போனாள். சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்த அன்று ஒன்றை முடிவு செய்தேன். அந்த மனிதரின் பால் அதே வாளியில், அதே ஊர் பார்க்க, திரிய வேண்டும். அதற்கு மேல் எனக்கு எதுவும் வேண்டாம் என்று அப்போது நினைத்தேன்.

காலம் எனக்கு உதவி செய்தது. படித்த படிப்புக்கு ஒரு தனியார் பால் நிறுவனத்தின் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை கிடைத்தது, சேலத்தில். எங்கள் ஊர்ச் சொசைட்டி மூடிப்போய், அதே கட்டடம் எங்கள் நிறுவனத்தின் பால் வாங்கும் இடமாக மாறியிருந்தது. ஏஜெண்டாக இருந்தவர் அவரே. ஊர் இன்னும் அவரைச் செக்ரட்டரி என்றுதான் கூப்பிட்டது. கோடை வந்ததும் அந்த ஊரின் சாயங்காலப் பால் புளித்து வருகிறது என்று புகார் எழுந்தது. யாராவது போய்ப் பார்க்க வேண்டும் என்றார் மேலாளர். நான் பேச்சை முடிக்கவிடவில்லை, நானே போகிறேன் என்றேன்.

கட்டடத்துக்கு வெளிர்நீலச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். பால் அளக்க மின்னணுத் தராசு வந்திருந்தது, கொழுப்பைச் சொல்ல மெஷின் வந்திருந்தது. பின்சுவருக்குப் போனேன். வாளி அங்கேயே தொங்கியது. கயிறு மட்டும் புதியது, மஞ்சள் நிறம். அவருக்கு முடி கொட்டி, கன்னம் தொங்கி, மூக்குக் கண்ணாடி வந்திருந்தது. "வாங்க மேடம், உக்காருங்க மேடம், எளநி குடிக்கிறீங்களா?" என்று நாற்காலியைத் துண்டால் தட்டிப் போட்டார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. ஆய்வகத்துக்காரி என்ற பெயரும் கழுத்தில் தொங்கிய அட்டையும் போதுமானதாக இருந்தன. எந்தத் தெரு என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. அன்றைக்கு எல்லாப் பாத்திரங்களிலும் பஞ்சுக் குச்சியால் ஒற்றி எடுத்தேன். வாளியின் அடிமடிப்பில் குச்சியை விட்டபோது வழுக்கியது. அந்த வழவழப்பு என் குச்சி நுனியில் ஏறியபோது எனக்கு உண்டான சந்தோஷத்தை இங்கே மறைக்கப் போவதில்லை.

ஆய்வகத்தில் கேன்களின் தட்டுகளில் அங்கங்கே சில புள்ளிகள் முளைத்தன. வாளியின் தட்டு முழுக்க வெளுத்துப் போய், புள்ளி என்று பிரித்துப் பார்க்கவே வழியில்லாமல் இருந்தது. அந்தத் தட்டை நிறைய நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த உயிர்களுக்கு யார் மேலும் வன்மம் கிடையாது. பால் கிடைத்தது, இடுக்கு கிடைத்தது, தொந்தரவு செய்ய ஆள் இல்லை. பெருகின. வன்மம் முழுக்க என்னுடையது.

இரண்டாம் முறை போனபோது மத்தியானமே போய்விட்டேன். இங்கே இருக்கிற பாத்திரம் எல்லாவற்றையும் என் கண்முன்னால் கொதிநீர் விட்டுத் தேய்க்க வேண்டும் என்றேன். வேலைக்காரர்கள் கேன், அளவுக் குவளை, வடிகட்டி, மூடி எல்லாவற்றையும் கொண்டுவந்து அடுக்கினார்கள். "எல்லாம் வந்துவிட்டதா?" என்று கேட்டேன். "வந்துருச்சுங்க மேடம்" என்றார் செயலாளர். நான் நினைத்தபடியே வாளியை ஒருவரும் எடுத்துவரவில்லை. அவருக்கு அது பாத்திரக் கணக்கில் வரவில்லை, அல்லது எடுத்துவரச் சொன்னால் யார் எடுப்பது என்ற கேள்வி வரும் என்று விட்டுவிட்டார். எதுவாக இருந்தாலும் அது அவருடைய தேர்வு. லாரி டிரைவருக்கு மட்டும் நான் முன்பே போன் செய்து, மல்லசமுத்திரத்தில் டீ குடித்துவிட்டு நிதானமாக வாருங்கள் அண்ணா என்று சொல்லியிருந்தேன்.

சாயங்காலம் வந்த வரிசையில் எல்லாரையும் கேனிலேயே ஊற்றச் சொன்னேன். வளவுப் பெண்கள் முதலில் தயங்கினார்கள். ஒருத்தி செயலாளர் முகத்தைப் பார்த்தாள். "மேடம் சொல்றாங்கல்ல, ஊத்து" என்றார் அவர், பல்லைக் காட்டி. அவர் வீட்டுப் பாலை எப்போதும் முதலில் ஊற்றுவது வழக்கம். "நீங்கள் என் கூடவே நின்று பாருங்கள், உங்கள் வீட்டுப் பால் கடைசியில் இருக்கட்டும்" என்றேன். மருமகள் கொண்டுவந்த பால் ஓரத்தில் காத்திருந்தது. அவர் முறை வந்தபோது கேன்கள் நிறைந்திருந்தன.

"வேற பாத்திரம் இல்லீங்களா?" என்று கேட்டேன். பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "அங்க ஒரு வாளி தொங்குதே" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதுங்களா... அது வேண்டாங்க மேடம்."

"ஏன், ஓட்டையா?"

"ஓட்டையெல்லாம் இல்லீங்க."

"அப்புறம் அதுல என்னங்க?"

சுற்றி நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். வளவு இளவட்டங்கள் கையில் போனோடு மரத்தடியில் நின்றார்கள். அது வளவுக்காரர்கள் வாளி என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், தனி வாளி வைத்திருந்ததற்குப் போலீஸ் வரும். அது என்னைவிட நன்றாக அவருக்குத் தெரியும். என் வாழ்க்கையில் அதைப் போல ஒரு நிமிஷம் இனி வராது. அவர் மரத்தடியை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். "ஒண்ணுமில்லீங்க" என்றார். பின்சுவருக்குப் போனார். தொரட்டியை எடுக்கவில்லை, நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கையால் வாளியைக் கழற்றினார். ஒரு குவளைத் தண்ணீரை உள்ளே வீசிக் கவிழ்த்தார், பழக்கம் போகவில்லை. தன் வீட்டுப் பாலைத் தன் கையால் அதில் ஊற்றினார்.

காத்திருந்தோம். வெயில் இறங்கியும் புழுக்கம் இறங்கவில்லை. லாரி சத்தம் தூரத்தில் கேட்டபோது நான் சோதனைக் குழாய்களை எடுத்தேன். ஒவ்வொரு கேனிலிருந்தும் கொஞ்சம், வாளியிலிருந்து கொஞ்சம். கொதிநீரில் எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்தினேன். கேன்களின் பால் அப்படியே நின்றது. வாளிப் பால் கண்ணாடிச் சுவரில் குருணையாக ஒட்டி, பிறகு திரண்டு, நடுவில் பச்சை நீர் விட்டது.

குழாயை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்தேன். "செயலாளர் வீட்டுப் பால் திரிந்திருக்கிறது" என்றேன். அதற்கு மேல் ஒரு சொல் சேர்க்கவில்லை. சேர்க்க வேண்டியது என் கடமை என்பது தெரியும். சேர்க்கவில்லை. திரிந்த பாலைக் கொட்டிவிடுங்கள் என்றேன், விதி அது. அவர் கொட்டினார். ஈரம் புளியமரத்து வேர் வரைக்கும் ஓடியது. "செக்ரட்ரி ஊட்டுப் பாலு திரிஞ்சு போச்சாமா" என்று வளவுப் பெண் ஒருத்தி ஏதோ துக்கம் விசாரிப்பது போலப் பக்கத்துக்காரியிடம் சொன்னாள். அவர்களுக்கு விஷயம் தெரியும். அவர்கள் கண்முன்னால்தான் அது அந்த வாளிக்குள் போனது. ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கே பழைய பாத்திரங்களை எல்லாம் மாற்றச் சொல்லி, வாளியையும் சேர்த்து வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். இனிமேல் எல்லாரும் வந்த வரிசையில் ஒரே கேனில் ஊற்ற வேண்டும் என்றும் சொல்லிவிட்டு வந்தேன்.

பேச்சு பரவியது. டீக்கடைக்காரர் அவர் வீட்டுப் பாலை நிறுத்தினார். கோயில் அபிஷேகத்துக்கு அவர் வீட்டுப் பால்தான் போகும், அதையும் வேறு வீட்டுக்கு மாற்றினார்களாம். அந்த வீட்டுப் பெண்களுக்குச் சுத்தபத்தம் போதாது என்று சொந்தக்காரர்களே பேசினார்கள். மருமகள் கோபித்துக்கொண்டு தாய்வீடு போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். அது மட்டும்தான் எனக்கு உறுத்தியது. அவரைப் பற்றி உறுத்தல் இல்லை.

ஒரு காலையில் அவரே சேலத்துக்கு வந்து ஆய்வக வாசலில் நின்றார். கையில் ஒரு பாட்டில் பால். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நீங்களே சோதிச்சுப் பாருங்க மேடம். என்ற வீட்டுப் பாலு நல்ல பாலுங்க."

"தெரியும். நல்ல பால்தான்."

அவர் முகம் மலர்ந்தது. "அப்புறம் அன்னைக்கு?"

"நீங்களே சொல்லுங்க."

பாட்டிலை மேசையில் வைத்தார். "அந்த வாளிங்க மேடம். அது வளவுக்காரங்க வாளிங்க. அவளுக தொட்டுத் தொட்டு..."

"அவங்க அதைத் தொட்டதே இல்லீங்க. அன்னைக்கு வரைக்கும் நீங்களும் தொட்டதில்லை. யாரும் தொடாததாலதான் அது கெட்டது."

அவருக்கு அது புரிந்தது. புரிந்தது என்பதை முகத்தில் பார்த்தேன், கன்னம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. "அதை நம்ம ஊர்ல வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க மேடம். தலை நிமிர முடியலீங்க. பாலு மேல குத்தமில்ல, எங்க கை மேல குத்தமில்லைன்னு நீங்க சொன்னா நம்புவாங்க."

"வாரேன். அதுக்கு முன்னாடி நீங்க அதையே ஒருத்திக்குச் சொல்லியிருக்கணும். உன் கை மேல குத்தமில்லைன்னு. எங்கம்மாவுக்கு."

"உங்க அம்மாங்களா?" என் கழுத்து அட்டையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "நம்மூருங்களா நீங்க?"

"உங்க வாளியில பால் ஊத்துனவ. ஊர் பார்க்க அவ பாலை மண்ணுல கொட்டுனீங்க. யாருன்னு ஞாபகப்படுத்திச் சொல்லுங்க. அவ இப்ப இல்ல. யாருன்னு சொன்னீங்கன்னா அவளுக்குப் பதிலா நான் கேட்டுக்கறேன். அன்னைக்கே ஊருக்கு வந்து சொல்றேன்."

அவருக்கு அது சுலபமான வேலையாகப் பட்டிருக்க வேண்டும். நிமிர்ந்தார். "கெணத்து மேட்டுல இருந்தாளே, புருசன் செத்தவ. எருமை வெச்சிருந்தா. அவ புள்ளைங்களா?"

"இல்லீங்க."

"ஒரு கண்ணுல பூ விழுந்தவ... பாலக் கொட்டுனப்ப மண்ணுல உக்காந்து அள்ளுனாளே. அவங்களா?"

"இல்லீங்க."

"மாசமா இருந்துக்கிட்டு வந்து சண்டை போட்டாளே, அவளா இருக்குமுங்களா? அப்புறம் கேனு கழுவ வந்தவளோட அக்கா ஒருத்தி..."

அவர் விரல் விட்டு எண்ணிக்கொண்டே போனார். அம்மா ஒருத்திக்கு என்றுதான் இத்தனை வருஷம் வஞ்சம் வைத்திருந்தேன். எங்கள் தெருவில் எத்தனை பெண்கள் கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு நடந்திருக்கிறார்கள் என்பதை அவர்தான் எனக்குச் சொன்னார். அவர்களில் ஒருத்தியும் இன்னொருத்தியிடம் சொல்லிக்கொள்ளவில்லை. ஆளாளுக்குத் தன் கைதான் ஆகாத கை என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

"ஞாபகம் வந்தா வாரேனுங்க" என்று பாட்டிலை எடுத்துக்கொண்டு போனார்.

இப்போதும் அவ்வப்போது போன் செய்கிறார். எதிர்முனையில் ஒரு பெண்ணின் அடையாளத்தைச் சொல்கிறார். கோழிப்பண்ணைக்குப் போனவளா என்று ஒரு முறை கேட்டார். போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். "செவப்பா, உசரமா, தெத்துப்பல்லு..." என்று அவர் தொடர்ந்தபோது அது வேறு ஒருத்தி என்று தெரிந்தது. என் அம்மாவை அவருக்கு ஞாபகமே இல்லை. "இல்லீங்க, இன்னும் யோசிச்சுப் பாருங்க" என்று சொல்லி வைத்துவிடுகிறேன்.